பெட்டிக்குள் வந்து சேர்வதற்குள்ளேயே பாதி மனது போய்விடுகிறது

நடுவர் அவர்களுக்கும் அவையில் இருக்கும் பெரியோர்களுக்கும் வணக்கம்.

எதிரணித் தலைவர் பேசி முடித்தபோது எனக்கே போய் ஒரு ஏசி ரயிலில் உட்கார்ந்துகொள்ளலாம் போலிருந்தது. குளுகுளு பெட்டி, பளபளக்கும் தரை, அடுத்த நிலையத்தின் பெயரை அழகாகச் சொல்லும் குரல். கேட்கச் சுகமாகத்தான் இருந்தது. ஆனால் நடுவர் அவர்களே, அந்த ரயிலுக்கு அவர் எப்படி வந்து சேர்ந்தார் என்பதை மட்டும் கடைசிவரை சொல்லவே இல்லை. பெட்டிக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவர் போல அல்லவா பேசினார்?

தலைப்பு என்ன? நகர ரயில் பயணியின் மனநிறைவைத் தீர்மானிப்பது ரயிலுக்கு உள்ளே கிடைக்கும் வசதியா, ரயிலுக்கு வெளியே கழியும் நேரமா என்பது. வெளியே கழியும் நேரம்தான் என்று பேச வந்திருக்கிறேன். காத்திருப்பது, நடப்பது, வண்டி மாறுவது, இறங்கியபின் வீடு போய்ச் சேர்வது எல்லாமே அந்த நேரத்தில் அடக்கம்.

தலைவர் பெருமையாகச் சொன்ன ஏசி ரயிலையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். சென்னைப் புறநகர் தடத்தில் 2025 ஏப்ரல் 19 அன்று முதல் ஏசி மின்சார ரயில் ஓடியது. கடற்கரையிலிருந்து தாம்பரம், செங்கல்பட்டு வரை. சாதாரண மின்சார ரயிலில் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய், இதில் 35 ரூபாய். அவர்கள் வாதப்படி, ஏறி உட்கார்ந்ததுமே மனசு நிறைந்திருக்க வேண்டும். நடந்தது என்ன? ஆபீஸ் போகிற நேரத்துக்கு வண்டி இல்லையே என்றுதான் ஜனங்கள் கேட்டார்கள். சில வாரங்களுக்குள் ரயில்வே என்ன செய்தது தெரியுமா? குளிரைக் கூட்டவில்லை, குறைக்கவில்லை. நேர அட்டவணையை மாற்றியது! பயணிக்கு எங்கே வலிக்கிறது என்று ரயில்வேக்குத் தெரிந்திருக்கிறது, எதிரணிக்குத்தான் தெரியவில்லை.

சரி, வசதியே இல்லாத ஒரு ரயிலைப் பார்ப்போம். பறக்கும் ரயில், அதாவது சென்னையில் தூண்கள் மேல் ஓடும் மின்சார ரயில். 1995இல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை வந்தது, 1997இல் மயிலாப்பூர், 2004இல் திருவான்மியூர், 2007இல் வேளச்சேரி. அதன் நிலையங்களை அழகு என்று சொல்ல எனக்கு வாய் வராது. கல்யாண மண்டபம் அளவுக்கு ஒரு கான்கிரீட் கூடம், அதில் பாதி காலி, மூலைக்கு மூலை இருட்டு. எதிரணி அடுக்கிய வசதிகளில் ஒன்றுகூட அங்கே தேறாது. ஆனாலும் தரமணி, பெருங்குடி பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் காலையில் அதில்தான் நெருக்கியடித்துக்கொண்டு போனார்கள். ஏன்? பழைய மாமல்லபுரம் சாலையின் நெரிசலில் மாட்டாமல் போய்ச் சேரலாம் என்பதால்.

2023 ஆகஸ்ட் கடைசியில், கடற்கரைக்கும் எழும்பூருக்கும் இடையே நான்காவது பாதை போடுவதற்காக, இந்தப் பறக்கும் ரயிலைச் சிந்தாதிரிப்பேட்டையோடு நிறுத்தினார்கள். ஏழு மாதத்தில் முடிந்துவிடும் என்றார்கள். மறுபடி கடற்கரைக்கு வண்டி ஓடியது 2024 அக்டோபர் கடைசியில். பதினான்கு மாதம்! இந்தப் பதினான்கு மாதமும் பெட்டி அதே பெட்டி, இருக்கை அதே இருக்கை, தலைக்கு மேலே கடகடக்கும் மின்விசிறியும் அதேதான். உள்ளே ஒரு ஆணியைக்கூட யாரும் கழற்றவில்லை. அப்படியானால் பயணி ஏன் கொதித்தார்? கோட்டைக்கும் பாரிமுனைக்கும் போகிறவர் சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி, படி இறங்கி, வெயிலில் பஸ்ஸோ ஆட்டோவோ பிடித்து, இன்னொரு ரயிலைத் தேடிப் போக வேண்டியிருந்தது. உள்ளே எதுவும் மாறாமல் வெளியே மட்டும் மாறியதற்கு இதைவிடச் சுத்தமான சோதனையை யாரும் திட்டம் போட்டுக்கூட நடத்த முடியாது. முடிவு எங்கள் பக்கம்.

"மெட்ரோவைப் பாருங்கள், ஏசியால்தானே கூட்டம் சேர்ந்தது" என்றார் தலைவர். பார்த்துவிடுவோம். 2015 ஜூன் 29 அன்று கோயம்பேட்டிலிருந்து ஆலந்தூர் வரை மெட்ரோ தொடங்கியது. அன்றைக்கே ஏசி இருந்தது, பளபளப்பு இருந்தது, நகரும் படிக்கட்டு இருந்தது. ஆனால் முதல் சில ஆண்டுகள் பெட்டிகள் காற்று வாங்கிக்கொண்டுதானே ஓடின? 2019 பிப்ரவரியில் அண்ணா சாலைக்கு அடியில் விட்டுப்போயிருந்த பகுதி திறந்து, வண்ணாரப்பேட்டை வரை 45 கிலோமீட்டர் முழுதாக இணைந்தது. 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை நீண்டு 54 கிலோமீட்டர் ஆனது. நடுவில் கொரோனா வந்து எல்லாவற்றையும் கலைத்துப் போட்டது தனிக் கதை. இப்போது ஒரு நாளைக்கு மூன்று லட்சம் பேருக்கு மேல் ஏறுகிறார்கள். 2015இல் இருந்த ஏசிதானே இப்போதும் இருக்கிறது? மாறியது என்ன? நாம் போக வேண்டிய இடத்துக்குப் பாதை வந்தது. நெரிசல் நேரத்தில் ஒரு வண்டியை விட்டால் சில நிமிடத்தில் அடுத்தது வந்தது. அப்புறம்தான் கூட்டமும் வந்தது.

போக்குவரத்துத் திட்டம் போடுபவர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். பயணி காத்து நிற்கும் ஒரு நிமிடத்தை, வண்டிக்குள் போகும் நிமிடத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்காக எடுத்துக்கொள்வார்கள். மனசு அப்படித்தான் எடைபோடுகிறது. கல்யாண வீட்டில் இலையில் பரிமாறியதைக் குறை சொல்லவே முடியாது, ஆனால் பந்தியில் இடம் பிடிக்க முக்கால் மணி நேரம் நாற்காலிக்குப் பின்னால் நின்றவரிடம் சாப்பாடு எப்படி என்று கேட்டுப் பாருங்கள்!

நாங்கள் ஏதோ உள்ளூர்க் கதை பேசுகிறோம் என்று நினைத்துவிடக் கூடாது. பொதுப் போக்குவரத்தின் தரத்தை அளக்க ஐரோப்பாவில் இஎன் 13816 என்று ஒரு விதிமுறை இருக்கிறது. பயணி பார்வையில் எட்டுத் தலைப்புகள். சேவை கிடைக்கிறதா, எளிதில் சென்று ஏற முடிகிறதா, தகவல் தெரிகிறதா, நேரம் எப்படி என்ற நான்கும் எங்களுடையவை. சொகுசு என்பது எட்டில் ஒன்றே ஒன்று. பயணியைக் கவனிப்பது, பாதுகாப்பு இரண்டையும் பெரிய மனசு பண்ணி எதிரணிக்கே கொடுத்துவிடுகிறேன். மிச்சம் சுற்றுச்சூழல். அதற்கு இன்று இரண்டு அணியிலும் ஆள் இல்லை, நடுவர் வைத்துக்கொள்ளலாம்.

பாதுகாப்பைக் கொடுத்துவிட்டேன் என்றாலும் ஒரு வார்த்தை. எதிரணிச் சகோதரி, இரவு நேரத்தில் பெண்கள் படும் பயத்தைச் சொன்னார். அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் அந்தப் பயம் எங்கே பிடிக்கிறது, அம்மா? ஆள் இல்லாத நடைமேடையில் அரை மணி நேரம் நிற்கும்போது. படி இறங்கி, தெருவிளக்கு எரியாத சந்து வழியாக பஸ் நிறுத்தத்துக்கு நடக்கும்போது. ரயிலில் மகளிர் பெட்டி உண்டு. அந்தச் சந்துக்கு மகளிர் பெட்டி யார் போடுவது?

ஊரை விட்டு வெளியே போகிறவர்களையும் கேளுங்கள். கோயம்பேட்டில் பஸ் நிலைய வாசலிலேயே மெட்ரோ நின்றது. 2023 டிசம்பர் 30 அன்று தெற்கே போகும் வெளியூர் பஸ்களுக்காகக் கிளாம்பாக்கத்தில் புதுப் பேருந்து நிலையம் திறந்தார்கள். விசாலமான இடம், குறை சொல்ல முடியாத கட்டடம். திறந்த அன்று பக்கத்தில் ரயில் நிலையம் மட்டும் இல்லை. ரயில் பிடிக்க ஒரு பக்கம் வண்டலூர் போக வேண்டும், இல்லையென்றால் மறுபக்கம் ஊரப்பாக்கம். இரண்டு பெட்டி, ஒரு கைக்குழந்தையோடு தெற்கேயிருந்து விடியற்காலையில் வந்து இறங்கிய குடும்பம், மின்சார ரயிலின் இருக்கை மெத்தென்று இருக்குமா என்றா யோசித்திருக்கும்?

அரசாங்கமே இதைப் புரிந்துகொண்டுதான் கும்டா என்னும் சென்னையின் ஒருங்கிணைந்த போக்குவரத்துக் குழுமத்துக்கு 2010இல் சட்டம் போட்டது. பஸ், மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் ஒரே டிக்கெட் எடுக்கும் சென்னை ஒன் செயலி 2025 செப்டம்பரில் வந்தது. பதினைந்து வருஷத் தாமதம், அதை நான் வேறு மேடையில் திட்டிக்கொள்கிறேன். ஆனால் நடுவர் அவர்களே, வண்டிகளைச் சேர்த்துவைக்க ஒரு குழுமம் வந்தது. இருக்கைக்கு மெத்தை போட யாராவது குழுமம் அமைத்தார்களா?

மணி அடித்துவிட்டீர்கள், இதோ முடிக்கிறேன். எனக்கு அடுத்து பேச வரும் எதிரணி அன்பருக்கு ஒரே ஒரு கேள்வி. வேளச்சேரியிலிருந்து பரங்கிமலை 5 கிலோமீட்டர்தான். அங்கே போய்விட்டால் மெட்ரோவையும் புறநகர் ரயிலையும் ஒரே இடத்தில் பிடிக்கலாம். ஆதம்பாக்கத்தில் சுமார் 500 மீட்டர் நிலத்துக்கான வழக்கிலும் இழுபறியிலும் பறக்கும் ரயிலை அங்கே நீட்டும் பாதை பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் இழுத்தது. அத்தனை வருஷமும் மொட்டையாக நின்ற தூண்களைப் பார்த்துக்கொண்டு ஆட்டோவுக்குக் காசு கொடுத்தவரிடம் போய், "உங்களுக்கு அந்த 500 மீட்டர் வேண்டுமா, ஏசி வேண்டுமா?" என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? அதற்குப் பதில் சொல்லிவிட்டு உங்கள் பேச்சைத் தொடங்குங்கள், ஐயா. நன்றி, வணக்கம்.