மாற்றச் சொல்லும் முன் குறை எங்கே என்று சொல்லுங்கள்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

வீட்டில் இருக்கும் அரேஞ்சர் கீபோர்டை, அதாவது இடது கைக் கார்டுக்கு ஏற்பத் தாளமும் பேஸும் தானே வாசிக்கும் கீபோர்டை, விற்றுவிட்டுப் பெரியதாக ஒன்று வாங்குவதா, இருப்பதையே சரிசெய்து வாசிப்பதா என்பது தலைப்பு. இருப்பதே போதும் என்ற அணிக்காக வந்து நிற்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணி அம்மையார் நான்கு குறைகளை அடுக்கினார். சத்தம் தகர டப்பாவில் தட்டியது போல இருக்கிறது. சில கீகள் ஊமையாகிவிட்டன, சில கீகள் அலறுகின்றன. நம் ஊர்த் தாளம் அதில் இல்லை. எவ்வளவு வாசித்தாலும் கச்சேரியில் கேட்பது போல வருவதில்லை. நான்கையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒவ்வொன்றும் எதனால் வருகிறது என்று அவர் சொல்லவே இல்லை. காரணம் தெரியாமல் வாங்கினால், அந்தக் குறைகளில் பாதி புதுக் கீபோர்டோடும் வீட்டுக்கு வந்துவிடும்.

பேச்சு பொதுவாகப் போய்விடக் கூடாது என்பதற்காக ஒரு மாடலை எடுத்துக்கொள்கிறேன். யமஹா பிஎஸ்ஆர் இ373. 61 கீ, அடிக்கும் வேகத்துக்கு ஏற்பச் சத்தம் மாறும் டச் உண்டு, 622 வாய்ஸ் அதாவது கருவி ஒலிகள், 205 ஸ்டைல் அதாவது தானே ஓடும் தாளப் பின்னணிகள், 48 நோட் பாலிஃபனி அதாவது ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய நோட்டுகள். எதிரணியினர் கைகாட்டுவது பிஎஸ்ஆர் எஸ்எக்ஸ்700 போன்ற பெரிய கருவிகளை. அதில் 400 ஸ்டைல், 128 நோட் பாலிஃபனி. கீ அதிலும் 61தான்.

முதலில் சத்தம். இ373-ல் இருக்கும் ஆம்ப் பக்கத்துக்கு 2.5 வாட். பேஸ் கிட்டாரின் அடித்தந்தி ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. உள்ளங்கை அகலச் சின்ன ஸ்பீக்கரும் இலேசான பிளாஸ்டிக் பெட்டியும் அந்த ஆழத்தைத் தரவே முடியாது. கிக் டிரம்மும் பேஸும் காணாமல் போய், ஹை-ஹாட்டும் டிரம்பெட்டும் மட்டும் காதைக் குத்தும். இதைக் கேட்டுவிட்டுத்தான் “வாய்ஸ் மோசம்” என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். இன்று இரவே ஒரு சோதனை செய்யலாம். காதை மூடும் நல்ல ஹெட்ஃபோன் ஒன்றைச் செருகி, வழக்கமாக வாசிக்கும் பாட்டை அரை மணி நேரம் வாசியுங்கள். அதில் சத்தம் நிறைவாக இருந்தால் கருவியின் உள்ளே இருக்கும் ஒலிக்கு ஒரு குறையும் இல்லை, குறை ஸ்பீக்கரில்தான்.

அப்படியென்றால் வாங்க வேண்டியது உள்ளேயே ஆம்ப் உள்ள ஒரு ஜோடி பவர்டு ஸ்பீக்கர். 5 அங்குல மானிட்டர் போதும். ஆனால் கேபிளில் கவனம் தேவை. இ373-ல் ஹெட்ஃபோனுக்கும் அவுட்புட்டுக்கும் ஒரே ஜாக், அது ஸ்டீரியோ. ஒரு முனையில் 6.3 மி.மீ. ஸ்டீரியோ பின்னும் மறுமுனையில் இரண்டு மோனோ பின்னும் உள்ள ஒய் கேபிள் வேண்டும். கிட்டாருக்குப் போடும் மோனோ கேபிளைச் செருகினால் வலது பக்க ஒலி எர்த்தோடு சேர்ந்து அடங்கிவிடும், இடது பக்கம் மட்டுமே கேட்கும். பியானோவின் மேல் ஸ்வரங்கள் மெலிந்துபோயின என்று பலர் குழம்புவது இதனால்தான். கீபோர்டு வால்யூமை முக்கால் அளவில் வைத்து மிச்சத்தை ஸ்பீக்கரில் ஏற்றுங்கள். உள் ஸ்பீக்கருக்கென்று பேஸ் கூட்டி வைத்த மாஸ்டர் ஈக்யூ என்ற ஒலிச் சமன் அமைப்பை மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் வெளி ஸ்பீக்கரில் பேஸ் கொழகொழவென்று ஆகும். கீபோர்டை முதலில் ஆன் செய்து ஸ்பீக்கரைக் கடைசியில் ஆன் செய்ய வேண்டும். அணைக்கும்போது ஸ்பீக்கரை முதலில்.

புளூடூத் ஸ்பீக்கரில் கேட்கலாமே என்று ஒரு நண்பர் இடையில் குரல் கொடுத்தார். வேண்டாம் ஐயா. புளூடூத் வழியே ஒலி வந்துசேர 100 முதல் 200 மில்லி செகண்டு வரை பிடிக்கும். டெம்போ 120-ல் ஒரு பீட் 500 மில்லி செகண்டு, அதில் கால் பங்கு 125. கை அடித்த பிறகு கால் பீட்டுக்கும் மேல் தள்ளிச் சத்தம் வந்தால் எப்பேர்ப்பட்ட வாசிப்பாளருக்கும் தாளம் தவறும். அதே ஸ்பீக்கரில் ஆக்ஸ் ஓட்டை இருந்தால் வயர் போட்டு வாசியுங்கள்.

பாலிஃபனியையும் எதிரணி பெரிதாகச் சொன்னது. கணக்குப் போடலாம். டிரம்ஸ் ஒரே நேரத்தில் 4 அல்லது 5, பேஸ் 1, கார்டு கிட்டார் 4, பின்னணியில் நீளும் பேட் 4, இடையிடையே வரும் ஃபிரேஸ் 2, மொத்தம் 16. வலது கையில் இரண்டு வாய்ஸை ஒன்றாக ஒலிக்கும் டூயல் வாய்ஸ் போட்டு 4 விரல் வைத்தால் 8. எல்லாம் சேர்த்து 24. ஸ்டீரியோ வாய்ஸ் ஒரு விரலுக்கு இரண்டு நோட் எடுத்துக்கொண்டாலும் 48-ஐத் தொடுவது அரிது. ஒலியை நீட்டும் சஸ்டைன் பெடலை மிதித்தபடியே கார்டு மாற்றிக்கொண்டு போனால்தான் பழைய நோட்டுகள் குவிந்து எல்லை தாண்டும். கார்டு மாறும்போது பெடலை எடுத்து மிதிக்கப் பழகினால் நோட் அறுபடாது.

இரண்டாவது, கீ பிரச்சினை. இதை நிதானமாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் நல்ல கீபோர்டுகள் அதிகம் பழைய சாமான் விலைக்குப் போவது இதற்காகத்தான். ஒவ்வொரு கீயின் அடியிலும் ரப்பர் குமிழ் ஒன்று இருக்கிறது, அதற்குள் இரண்டு கார்பன் பொட்டுகள். கீ இறங்கும்போது முதல் பொட்டு ஒரு கணம் முந்தியும் அடுத்தது பிந்தியும் போர்டைத் தொடும். இரண்டுக்கும் இடையிலான நேரத்தை அளந்துதான் கருவி நீங்கள் மெல்ல அடித்தீர்களா, ஓங்கி அடித்தீர்களா என்று முடிவு செய்கிறது. தூசியும் விரல் வியர்வையும் ஒரு பொட்டில் படிந்தால் இந்தக் கணக்கு கெடும். அதனால்தான் ஒரு கீ பேசவே பேசாது, பக்கத்துக் கீ மெல்லத் தொட்டாலும் அலறும். உள்ளே இருக்கும் சிப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

திறப்பதற்கு முன் ஒன்றைப் பாருங்கள். ஊமையான கீகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால் ரப்பர் அழுக்கு. 6 கீ அல்லது 8 கீ இடைவெளியில் ஒரே சீராக வரிசையாக ஊமையாகியிருந்தால் அது ரிப்பன் கேபிள் கழன்றதாகவோ போர்டில் ஒரு தடம் அறுந்ததாகவோ இருக்கும். கீகளைக் கருவி குழுக்குழுவாகத்தான் படிக்கிறது, ஒரு தடம் போனால் அதைச் சேர்ந்த கீகள் அத்தனையும் போய்விடும். அந்த வேலையை எலக்ட்ரானிக்ஸ் மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். வாரண்டி இருந்தால் எதற்கும் கை வைக்காமல் சர்வீஸ் சென்டருக்கு எடுத்துச் செல்லுங்கள்.

அழுக்குதான் என்றால் அடாப்டரைப் பிடுங்கி, பேட்டரியை எடுத்துவிட்டு, மெத்தை விரித்த மேசையில் கருவியைக் கவிழ்த்து வையுங்கள். ஸ்குரூக்கள் எல்லாம் ஒரே நீளம் இருக்காது. எது எந்த ஓட்டை என்று ஒரு தாளில் படம் வரைந்து அதன்மேலேயே குத்தி வையுங்கள். நீளமான ஸ்குரூவைக் குட்டை ஓட்டையில் முறுக்கினால் மேல் பிளாஸ்டிக் கிழியும். ஒவ்வொரு படியிலும் போனில் ஒரு படம் எடுங்கள். ரப்பர் பட்டையை எடுத்து, 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த காது குடையும் பஞ்சுக் குச்சியால் போர்டின் கருப்புப் பொட்டுகளையும் ரப்பரின் பொட்டுகளையும் மெல்லத் துடைக்க வேண்டும். அழுத்தித் தேய்த்தால் கார்பன் உதிரும். துருவெடுக்கும் எண்ணெய் ஸ்பிரேயை அடிக்கவே கூடாது, அது ரப்பரை உப்பவைத்து மேலும் தூசியை ஒட்டவைக்கும். கால் மணி நேரம் உலரவிட்டு, பட்டையின் ஒவ்வொரு முளையையும் பல்குத்தும் குச்சியால் ஓட்டையில் முழுதாக அழுத்துங்கள். ஒரு முளை பாதியில் நின்றாலும் அந்தக் கீ கல் போல இறுகும். மூடுவதற்கு முன்பே உள் கேபிளையும் அடாப்டரையும் மாட்டி 61 கீயையும் மெல்ல ஒருமுறை, ஓங்கி ஒருமுறை அடித்துப் பாருங்கள்.

பெடலை மிதித்தால் சத்தம் நின்று, விட்டால் நீள்கிறது என்று ஒருவர் சொன்னார். பெடல் கெடவில்லை. பெடலில் இரண்டு வகை உண்டு, கருவி எதிர் வகை என்று புரிந்துகொண்டுவிட்டது. பெடலை மிதிக்காமல் ஆன் செய்தால் பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும்.

மூன்றாவது, நம் ஊர்த் தாளம். இந்தக் குறை மெய்யானது. வெளிநாட்டுச் சந்தைக்குச் செய்த கருவியில் குத்துப் பாட்டுக்கோ தபேலா ஆறெட்டுக்கோ ஏற்ற ஸ்டைல் கிடைப்பது கடினம். ஆனால் பெரிய மாடல் வாங்கினால் மட்டும் தானாக வந்துவிடுமா? 400 ஸ்டைலில் பெரும்பகுதி வெளிநாட்டு இசைக்கானவைதான். அங்கேயும் வெளியிலிருந்து ஏற்றத்தான் வேண்டும். அதை இங்கேயே செய்யலாம். சிறிய மாடல்களிலும் பல கணினியிலிருந்து ஸ்டைல் ஃபைலை ஏற்கும், கையேட்டில் யூசர் ஸ்டைல் என்ற பகுதியைப் பாருங்கள். கேசியோ சிடி-எக்ஸ்3000, சிடி-எக்ஸ்5000 மாடல்கள் ஏசி7 என்ற கேசியோ ரித ஃபைலை ஏற்கும், ரிதத்தைத் திருத்தவும் விடும்.

பெரிய மாடலுக்காகச் செய்த ஸ்டைலை அப்படியே சின்னதில் ஏற்றினால் கிட்டார் கீச்சிடும், சம்பந்தமில்லாத உச்ச ஸ்வரங்கள் குதிக்கும். பெரிய மாடல்களில் இருக்கும் யமஹாவின் மெகா வாய்ஸ் என்ற வகை வாய்ஸில் ஒரே கிட்டாருக்குள் மெல்ல அடித்தால் சாதாரணத் தந்தி, இன்னும் வேகத்துக்குத் தந்தியை அடக்கும் சத்தம், அதற்கும் மேல் ஸ்லைடு என்று அடுக்கி வைத்திருக்கிறார்கள். உச்சக் கீகளில் விரல் உரசும் ஒலி. அந்த அடுக்குகள் இல்லாத கருவியில் இவையெல்லாம் வெறும் நோட்டுகளாக அடிபடும். ஏற்றுவதற்கு முன் கணினியில் அந்தச் சேனலைச் சாதாரண கிட்டாருக்கு மாற்றி, உச்ச நோட்டுகளை அழித்து, மிச்ச நோட்டுகளின் அடிக்கும் வேகத்தைச் சமப்படுத்தினால் ஸ்டைல் சுத்தமாக ஓடும். அதற்குப் பொறுமையில்லாதவர்கள் போனில் தபேலா லூப்பை ஓடவிட்டு, வயரை ஆக்ஸ் இன்னில் செருகி, கருவியின் ரிதத்தை நிறுத்திவிட்டு இடது கையில் கார்டு மட்டும் வாசிக்கலாம்.

நான்காவது குறை, கச்சேரி போல வரவில்லை என்பது. இதில் கருவியின் பங்கு மிகக் குறைவு. கார்டை பீட்டின் மேல் வைக்காமல் கொஞ்சம் பிந்தி வைத்தால், பேஸ் பழைய ஸ்வரத்தில் ஒருமுறை அடித்துவிட்டு அப்புறம் புதிய ஸ்வரத்துக்கு ஓடும். கேட்பவருக்கு அதுதான் கத்துக்குட்டி வாசிப்பு. கார்டை பீட்டுக்கு ஒரு மயிரிழை முன்பே வைத்துவிட வேண்டும். சி, ஏ மைனர், எஃப், ஜி என்று போகும்போது கையைத் தூக்கிப் போடாமல் அடுத்த கார்டின் ஸ்வரங்களை வரிசை மாற்றி வைக்கும் பக்கத்து இன்வர்ஷனுக்கு விரலை நகர்த்தினால் இது தானே வரும். சி கார்டை ஈ பேஸோடு கேட்க வேண்டுமா, இடது கையின் கீழ் ஸ்வரத்தையே பேஸாக எடுக்கும் ஃபிங்கர்டு ஆன் பேஸ் முறை இருக்கும் மாடலில் அதைப் போடுங்கள். தாளத்தில் சின்ன உருட்டு போடும் ஃபில்-இன்னைப் பல்லவிக்கு முந்திய பாரின் கடைசி இரண்டு பீட்டில் மட்டும் அழுத்துங்கள், நான்கு பாருக்கு ஒருமுறை அழுத்தினால் பாட்டு மூச்சுவாங்கும். ஸ்டைல் வால்யூமைத் தொழிற்சாலை அளவிலிருந்து மூன்றில் ஒரு பங்கு இறக்குங்கள். பேட், ஃபிரேஸ் தடங்களை அணைக்கும் வசதி இருந்தால் பாடகர் பாடும் இடத்தில் அணைத்துவிடுங்கள். சரணத்துக்கும் பல்லவிக்கும் வேண்டிய வாய்ஸ், ஸ்டைல், டெம்போவை, அமைப்புகளை ஒரே பட்டனில் சேமிக்கும் ரிஜிஸ்ட்ரேஷன் மெமரியில் போட்டுவைத்தால் நடுவில் பட்டன் தேட வேண்டியதே இல்லை. இத்தனையும் தெரியாதவர் கையில் எஸ்எக்ஸ்700-ஐக் கொடுத்தாலும் அதே பிந்திய கார்டு, அதே பேஸ் ஓட்டம்தான். இன்னும் பெரிய ஸ்பீக்கரில் கேட்கும்.

வாய்ஸ் மட்டுமே பழசு என்பவர்களுக்கு, வீட்டில் இருக்கும் லேப்டாப்போடு யுஎஸ்பியில் இணைத்தால் கீபோர்டு மிடி கன்ட்ரோலர் ஆகிவிடும், அதாவது கீ இங்கே, ஒலி லேப்டாப் மென்பொருளில். லேப்டாப் ஒலியைச் சேர்த்து அனுப்பும் பஃபர் 48 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிள் என்றால் அந்தப் பகுதித் தாமதம் 2.7 மில்லி செகண்டுதான். அதற்குத் தாமதம் குறைக்கும் ஆசியோ டிரைவர் போட வேண்டும், விண்டோஸின் சாதாரண டிரைவரில் கை வேறு சத்தம் வேறாக இருக்கும். கீயைக் கருவியின் சொந்த ஒலியோடு இணைக்கும் லோக்கல் கன்ட்ரோலை ஆஃப் செய்யாவிட்டால் இரட்டைச் சத்தம் வரும். அதற்குப் பதில் மெயின் வாய்ஸ் வால்யூமைப் பூஜ்யமாக்கினால், அந்த மாற்றத்தையும் மிடியில் அனுப்பும் மாடல்களில் லேப்டாப் ஒலியும் சேர்ந்து அடங்கிவிடும். ‘ம்ம்’ என்று இரைச்சல் கேட்டால் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள்.

எதிரணிக்கு நியாயம் செய்ய வேண்டும். துடைத்தும் அமைத்தும் தீராதவை இரண்டு உண்டு. டச் இல்லாத கீபோர்டுக்கு டச் வராது. இ373-ல் ஸ்வரத்தை வளைக்கும் பிட்ச் பெண்ட் சக்கரம் இல்லை, ஆகவே கமகம் வாசிக்க விரும்புபவருக்கு அது தடை. ஆனால் அதற்கு எஸ்எக்ஸ் வரிசைக்குப் போக வேண்டாம், அதே வீட்டு வரிசையில் இ473-ல் சக்கரம் இருக்கிறது. டிரினிட்டி காலேஜ் லண்டன் எலக்ட்ரானிக் கீபோர்டு தேர்வு எழுதும் பிள்ளை இருந்தால், எந்த கிரேடுக்குக் கருவியில் என்ன வசதி இருக்க வேண்டும் என்று பாடத்திட்டத்திலேயே தந்திருக்கிறார்கள். அதைக் கையேட்டின் கடைசிப் பக்க விவரத்தோடு ஒப்பிட்டுவிட்டு முடிவெடுங்கள். மேடைக்காரருக்கு வேறு கணக்கு, ஆனால் நம் தலைப்பு வீட்டுக் கீபோர்டு.

மாற்றுவதில் போவதும் உண்டு. 4.6 கிலோ இ373 ஆறு ஏஏ பேட்டரியில் ஓடும், கரண்ட் போனாலும் சாதகம் நிற்காது. எஸ்எக்ஸ்700 11.5 கிலோ, பேட்டரியில் ஓடாது. கேசியோவிலிருந்து யமஹாவுக்குப் போனால் சேர்த்துவைத்த ரிதங்களும் ரிஜிஸ்ட்ரேஷன்களும் கூட வராது, எல்லாவற்றையும் முதலிலிருந்து அமைக்க வேண்டும்.

அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பரிடம் ஒரே ஒரு கோரிக்கை. கடையில் டெமோ பாட்டைக் கேட்டதை இங்கே சாட்சியாக வைக்காதீர்கள். வீட்டில் வாசிக்கும் பாட்டை, ஒரே ஹெட்ஃபோனில், பழையதிலும் புதியதிலும் நீங்களே வாசித்துக் கேட்டுவிட்டு, எந்த இடத்தில் பழையது தோற்றது என்று சொல்லுங்கள். அந்த இடத்தைக் கேட்ட பிறகு நடுவர் அவர்கள் தீர்ப்பு சொல்லட்டும். நன்றி, வணக்கம்.