காலக் கணக்கே பிரித்தது!

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். ‘விண்வெளி மாயக் கதையில் இளம் சூனியக்காரி தன் முதல் காதலை இழப்பது மந்திரத்தாலா, காலத்தாலா?’ என்பது தலைப்பு. காலத்தால்தான் என்பது எங்கள் அணி.

எனக்கு முன்னே பேசிய எதிரணி நண்பர் மறதி மருந்தைச் சொன்னார், சாபத்தைச் சொன்னார். போகிற போக்கில் “சூனியக்காரிக்குக் கணக்கு எதற்கு?” என்றும் கேட்டுவிட்டுப் போனார். அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

கோள்களின் பாதை நீள்வட்டம் என்று கண்டுபிடித்த யோகான்னஸ் கெப்ளர் ஒரு கதை எழுதினார். பெயர் சோம்னியம், கனவு என்று பொருள். அவர் இறந்தபின் 1634இல் அச்சானது. ஐஸ்லாந்தில் மூலிகை விற்கும் ஒரு தாய், அவள் அழைத்தால் வரும் ஆவி, அந்த ஆவி மனிதர்களைத் தூக்கிக்கொண்டு போகும் நிலவு. முழுக்க முழுக்க மாயம்தான். ஆனால் அந்த ஆவியால் நினைத்தபோது கிளம்ப முடியாது. கிரகண நேரத்து நிழல் வழியேதான் போகலாம். தூரம் 50,000 ஜெர்மன் மைல், அதிகம் போனால் நான்கு மணி நேரம். புறப்படும்போது உடம்பு தாங்காது என்று மயக்க மருந்து, மூச்சுக்கு மூக்கருகே ஈரப் பஞ்சு. சூனியத்தை எழுதியவர் கணக்கையும் கூடவே எழுதியிருக்கிறார், நடுவர் அவர்களே!

இன்னொன்றையும் சொல்லாமல் நகர எனக்கு மனம் வரவில்லை. கெப்ளருடைய தாய் கத்தரினாவையே 1615இல் ஊரார் சூனியக்காரி என்றார்கள். 1620இல் கைது. 14 மாதம் சங்கிலியில் கிடந்தார். மகனே வழக்கில் வாதாடினார். 1621இல் விடுதலை, அடுத்த ஆண்டே மரணம். அந்தச் சொல்லைக் கதையில் எடுத்தாள்கிற எவரும் அந்தக் கிழவியை ஒரு நிமிடம் நினைக்க வேண்டும்.

சரி, நம் வீட்டுக்கு வருவோம். பிரிவைப் பாடுவதில் நமக்கு மிஞ்சியவர் யார்? தொல்காப்பியம் முதற்பொருள் என்று எதைச் சொல்கிறது? நிலத்தையும் பொழுதையும். தெய்வத்தை எங்கே வைக்கிறது? உணவு, விலங்கு, மரம், பறவை இவற்றோடு சேர்த்துக் கருப்பொருளில். எதிரணி சொல்லும் மந்திரமெல்லாம் கருப்பொருள். பிரிவைப் பாடும் பாலைத் திணையில் தலைவியைத் தனியே நிறுத்துவது தூரமும் பொழுதும். எதிரணியினர் கருப்பொருளைத் தூக்கி முதற்பொருளின் இருக்கையில் உட்கார வைக்கிறார்கள்!

இப்போது கதையைக் கட்டிப் பார்ப்போம். அவளுக்கு வயது 17, அவனுக்கு 18. அவள் வேகா என்ற விண்மீனுக்குப் போய்த் திரும்ப வேண்டும். தூரம் சுமார் 25 ஒளியாண்டு. ஒளியின் வேகத்தை நெருங்கி ஓடுகிறவரின் கடிகாரம், ஊரில் நிற்பவரின் கடிகாரத்தைவிட மெதுவாக ஓடும். அப்படியானால் எந்த வேகத்தில் அனுப்புவது? இங்கேதான் எழுதுகிறவர்கள் வழுக்குகிறார்கள். ஒளியின் வேகத்தில் பாதி என்று வைத்தால் இரண்டு கடிகாரங்களுக்கும் வித்தியாசம் 1.15 மடங்குதான், இருவரும் சேர்ந்தே கிழடாகிவிடுவார்கள். 90 சதவீதம் என்றால் அவளுக்கே 24 ஆண்டு ஓடிவிடும், திரும்பும்போது வயது 41. பிறகு எங்கே இளம் சூனியக்காரி? 99.99 சதவீதம் என்றால் எட்டரை மாதத்தில் வந்து நிற்பாள், ஏங்கக்கூட நேரம் இருக்காது. 99 சதவீதம் வையுங்கள். ஊர்க் கடிகாரத்தில் ஐம்பதரை ஆண்டு, அவள் கடிகாரத்தில் ஏழு ஆண்டும் ஒன்றரை மாதமும். 24 வயதில் அவள் இறங்கும்போது அவனுக்கு 68 தாண்டியிருக்கும்.

“அப்படியானால் மந்திரத்துக்கு என்ன வேலை?” என்பீர்கள். வேலை நிறைய இருக்கிறது. 50 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணை மட்டும் அந்த வேகத்துக்குக் கொண்டுபோக, உலகம் முழுதும் ஓராண்டில் தயாரிக்கும் மின்சாரத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு ஆற்றல் வேண்டும். அதை மந்திரம் கொடுக்கட்டும். சட்டென்று அந்த வேகத்தைத் தொட்டால் உடம்பு கூழாகும். பூமியின் ஈர்ப்பு அளவுக்கே மெல்ல முடுக்கினால் அந்த வேகத்தை எட்ட அவள் கடிகாரத்திலேயே இரண்டரை ஆண்டு ஆகும். அந்த அழுத்தத்தையும் மந்திரம் தாங்கட்டும். ஒளியை மட்டும் அது முந்தக் கூடாது. முந்த விட்டால், அவன் எழுதும் முன்பே பதில் போய்ச் சேரும் கோளாறெல்லாம் கதைக்குள் வந்துவிடும். அப்புறம் அங்கே எந்த இழப்பும் இழப்பாக நிற்காது.

எதிரணியின் சாபத்துக்கும் அதே பலவீனம்தான். மந்திரத்துக்கு மாற்று மந்திரம் உண்டு என்று குழந்தைக்கும் தெரியும். வாசகர் கடைசிப் பக்கம் வரை அந்த மாற்றுக்காகக் காத்திருப்பாரே ஒழிய, அழ மாட்டார். கழிந்த ஐம்பது ஆண்டுக்கு மாற்று உண்டா?

கடிதங்களுக்கு வருகிறேன். அவள் கிளம்பி ஓராண்டு கழிந்ததிலிருந்து, ஆண்டுக்கு ஒரு கடிதம் ஒளியலையில் அனுப்புகிறான் என்று வையுங்கள். போகும் வழியில் அவள் விலகி ஓடுவதால், அவன் அனுப்பும் எதுவும் 14 மடங்கு நீண்டுதான் அவளை எட்டும். மூன்றரை ஆண்டுப் பயணத்தில் அவன் வாழ்வின் முதல் மூன்று மாதம் மட்டுமே அவளுக்குக் கிடைக்கும். அவன் பேசினாலும் பயனில்லை. நொடிக்கு 120 அதிர்வு, அதாவது 120 ஹெர்ட்ஸ் குரல் எட்டரை ஹெர்ட்ஸாகத் தாழ்ந்துவிடும், மனிதக் காது 20க்குக் கீழே கேட்காது. வேகாவை அடையும்வரை ஒரு கடிதமும் இல்லை. மறந்துவிட்டான் என்றே நினைப்பாள். மறதி மருந்து யாரும் கொடுக்கவில்லை, நடுவர் அவர்களே! அவன் ஓர் ஆண்டும் தவறவில்லை.

அவள் உடனே திரும்புகிறாள் என்று கொள்வோம். 19ஆம் நாள் முதல் கடிதம் வருகிறது. இப்போது அவள் கடிதங்களை எதிர்கொண்டு வருகிறாள், அதனால் அதன்பின் 26 நாளைக்கு ஒன்று. பத்து மாதத்தில் பன்னிரண்டாம் கடிதம். அவனுக்கு வயது 30, திருமணச் செய்தி. அவளுக்கு இன்னும் 22 ஆகவில்லை. கையெழுத்து மாதத்துக்கு மாதம் நடுங்கத் தொடங்கும். யாரும் சபிக்கவில்லை, யாரும் துரோகம் செய்யவில்லை. கோபித்துக்கொள்ளக்கூட அவளுக்கு ஆள் இல்லை.

ஐம்பதாவது கடிதம் வரும்போது தரையிறங்க அவளுக்கு 13 நாள் மீதம். இத்தனைக்கும் சேர்த்து ஒரு பதில் எழுதி அந்தக் கணமே ஒளியில் அனுப்புகிறாள். ஊர்க் கடிகாரப்படி, அந்தப் பதில் அவளைவிட 22 மணி நேரம் முந்தி அவன் வாசலுக்குப் போகும்.