டச்பே வாங்கும் என் கச்சானும்

வணக்கம் மக்களே. பின்னால் தெரிவது எங்கள் திருகோணமலையின் டச்பே கடற்கரை. ஆமாம், கறுப்புக் குடை இல்லாமல்தான் வந்திருக்கிறேன். போன வீடியோவில் காற்று அதை என்ன பாடு படுத்தியது என்று பார்த்தீர்கள்தானே.

சரி, அந்த வீடியோவுக்குக் கீழே ஒருவர் எழுதியிருந்தார்: "அண்ணா, பில்பாவோ மாதிரி ஒரு பெரிய கட்டடம் கட்டினால் போதும், திருமலை எங்கேயோ போய்விடும்." அந்தப் 'போதும்'தான் இரண்டு நாளாக என் நித்திரையைக் கெடுத்தது.

பில்பாவோ ஸ்பெயினில் இருக்கிறது. இரும்பாலையும் கப்பல் கட்டும் தொழிலும் படுத்துப்போன துறைமுக நகரம். 1997இல் அங்கே ஆற்றங்கரையில் குகன்ஹைம் அருங்காட்சியகத்தைத் திறந்தார்கள். ஃபிராங்க் கெரி வரைந்தது, டைட்டேனியத் தகடு போர்த்தி மீன் செதில் போல மினுங்கும். சரியான வடிவு, மறுக்கவில்லை. ஆனால் ஊரை எழுப்பியது அந்தக் கட்டடம் மட்டும் இல்லை. அதற்கு இரண்டு வருடம் முன்பே அந்த ஊரில் மெட்ரோ ஓடத் தொடங்கிவிட்டது. நாறிக் கிடந்த நெர்வியோன் ஆற்றைச் சுத்தமாக்கும் வேலையும் முன்பே தொடங்கியாயிற்று. கழிவுநீர்க் குழாய்க்கு முன்னால் நின்று யார் செல்ஃபி எடுக்கப் போகிறார்கள்?

அதோடு எங்களுக்குக் கட்டடத்துக்கா பஞ்சம்? கோணேசர் கோயிலை இடித்த கல்லைக் கொண்டு போர்த்துக்கேயர் கட்டிய கோட்டை, 1624இல் எழும்பியது, இன்னும் நிற்கிறது. சுவாமி மலைப் பாறை இருக்கிறது. அதற்கு மேல் எந்தக் கெரி வந்து என்ன கட்டுவார்?

இல்லாதது நிழல். இந்த வாங்கைப் பாருங்கள், சீமெந்து வாங்கு. பகல் முழுக்க வெயில் குடித்துவிட்டு இப்போது திருப்பிக் கக்குகிறது. நான் எட்டு நிமிடம் தாக்குப்பிடித்தேன். எட்டு நிமிடம் பதினைந்து செக்கன், ஃபோனில் பார்த்தேன். எழும்பி நின்ற நேரம் பார்த்து ஒரு மான் வந்து என் கச்சான் பையை இழுத்துக்கொண்டு போய்விட்டது. நூற்றைம்பது ரூபா! எங்கள் ஊர் மானுக்குப் பயமும் இல்லை, வெட்கமும் இல்லை. நான் இரண்டு கடலைதான் தின்றிருந்தேன். இரண்டு!

ஆ, சொல்ல மறந்தேன், தென்கொரியாவின் சோல் நகரக் கதை. அங்கே சொங்கெச்சொன் என்ற ஓடையை மூடித் தெரு போட்டு, மேலே மேம்பாலமும் கட்டியிருந்தார்கள். பிறகு பாலத்தைப் பிரித்து எறிந்துவிட்டு 2005இல் ஓடையைத் திறந்தார்கள். ஏறக்குறைய ஆறு கிலோமீட்டர், சனம் கரையில் இருந்து காலை நனைக்கிறது. அதில் ஓடுவது பழைய ஓடைத் தண்ணீர் இல்லை, பெரும்பகுதி ஹான் ஆற்றிலிருந்து பம்ப் பண்ணுகிறார்கள், அதற்குச் செலவு இருக்கிறது. ஆனாலும் எனக்குப் பிடித்தது இந்தக் கதைதான், மினுங்குகிற கட்டடம் இல்லை.

நியூயோர்க்கில் பழைய சரக்கு ரயில் பாதையை ஹை லைன் பூங்காவாக்கி 2009இல் திறந்தார்களே, அதுவும் வடிவு. ஆனால் சுற்றியுள்ள வீடுகளின் விலை ஏறி, அங்கேயே இருந்த ஆட்களுக்கு வாடகை எட்டாமல் போனது. இங்கே அப்படி ஏதாவது வந்தால் இந்தக் கச்சான் விற்கிற அம்மா எங்கே போவார்? அவரை எழுப்பிவிட்டுப் போடுகிற பூங்கா எனக்கு வேண்டாம்.

கொழும்பில் பழைய டச்சு மருத்துவமனையைத் திருத்திக் கடைகளாக்கினார்கள், அது நல்ல வேலை. இங்கேயும் கடற்படை அருங்காட்சியகம் ஒல்லாந்தர் காலக் கட்டடத்தில்தான் இருக்கிறது. உள்ளே குளிர்ச்சி. வெளியே வந்து நாலு அடி வைத்தால் திரும்ப இந்த வாங்குதான்.

வேம்பு வையுங்கள், பூவரசு வையுங்கள். பூவரசுக்கு உப்புக் காற்று ஒன்றும் செய்யாது.

பொறுங்கள், அந்த மான் திரும்ப வருகிறது. அதன் வாயில் இருப்பது என் பைதானே? அம்மா, இன்னொரு நூற்றைம்பதுக்குக் கச்சான் தாங்கோ.