ஒளியைத் தியானித்த மைனர் ஒயிட்

(நூலக வாசகர் வட்ட ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

விழாத் தலைவர் அவர்களே, ஆயிரம் அலுவல்களுக்கிடையே வந்து அமர்ந்திருக்கும் நகர்மன்றத் தலைவர் அம்மையார் அவர்களே, கேட்டபோதெல்லாம் இந்த மண்டபத்தைத் திறந்துவிடும் நூலகர் ஐயா அவர்களே, பொன்னாடை போர்த்திய வணிகர் சங்கப் பெரியவர்களே, ஸ்டுடியோ நண்பர்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் மைனர் ஒயிட்டைப் பற்றி மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன்: அவருக்குக் குருவாக வாய்த்தவர், அவர் கண்ட ஒளி, அவர் நாடிய ஜென் தியானம்.

குருவாக வாய்த்தவர் மூத்த அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ். எதிரே உட்காருபவர்களை வசியம் செய்துதான் நல்ல படம் எடுக்கிறார் என்று ஒருவர் எழுதிவிட்டார். மேகத்தை யாரால் வசியம் செய்ய முடியும்? 1922-இல் நியூயார்க் மாநிலத்து ஜார்ஜ் ஏரிக்கரையில் கேமராவை வானத்துக்குத் திருப்பினார். அடுத்தடுத்த ஆண்டுகளில் எடுத்தவை பெரும்பாலும் கையகலப் படங்கள். பலவற்றில் மரமில்லை, தொடுவானமில்லை, மேல் எது கீழ் எது என்பதற்கு அடையாளமே இல்லை. கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம் என்பார்கள் நம் பெரியவர்கள். நின்று பார்த்தால் மேகம் மறைந்து எடுத்தவரின் மனம் தெரியும்.

1924-இல் அவருடைய படங்கள் 27-ஐப் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்துக்குள் கொண்டுவந்தவர் யார் தெரியுமா? கொழும்பில் பிறந்த கலை அறிஞர் ஆனந்த குமாரசாமி! ஒளிப்படத்தைக் கலையாகவே பலர் மதிக்காத காலம் அது.

1946-க்கு வருகிறேன். மைனர் ஒயிட் போரிலிருந்து திரும்பியிருக்கிறார். பிலிப்பைன்ஸில் ராணுவச் சேவை. கண்ட கோரமெல்லாம் நெஞ்சில் கிடக்கிறது. இனி நம்மால் படம் எடுக்க முடியுமா என்ற பயம். நியூயார்க்கில் ஸ்டீக்லிட்ஸின் கலைக்கூடத்துக்குப் போகிறார். கிழவருக்கு 82 வயது. என்ன கேட்டிருப்பார்? எந்த லென்ஸ் என்றா? எந்த பிலிம் என்றா? இல்லை ஐயா! "நீ காதலித்திருக்கிறாயா?" என்று கேட்டார். "ஆம்" என்றார் இவர். "அப்படியானால் உன்னால் படம் எடுக்க முடியும்." அவ்வளவுதான் உபதேசம். அதே ஆண்டு ஜூலையில் ஸ்டீக்லிட்ஸ் மறைந்தார். மைனர் ஒயிட்டோ 1976-இல் கண்மூடும்வரை அந்தச் சொல்லை விடவில்லை.

இரண்டாவது, ஒளி. 1958-இல் ராச்செஸ்டர் நகரில் தம் வீட்டு ஜன்னலோரத்தைப் படமெடுத்தார். திரைச்சீலை, சுவர், அதன்மேல் வந்து விழுந்த வெளிச்சம். வேறொன்றுமில்லை. அந்த வெளிச்சமோ உயிருள்ள ஒன்றாக நிற்கிறது. அதைத் தாளில் வரவழைத்த இடம் இருட்டறை என்பதை மறக்கக் கூடாது.

அம்மையார் அவர்களிடம் நான் கேட்க வந்ததும் அதைத்தான். இந்த நூலகத்தின் பின்புறம் ஓர் அறை பூட்டிக் கிடக்கிறது. உடைந்த நாற்காலிகள் போடும் அறை. கல்லைக் கண்டால் நாயைக் காணோம்! எனக்கு அது இருட்டறையாகவே தெரிகிறது. தண்ணீர்க் குழாய் இருக்கிறது. ஒரு சிவப்பு விளக்கு, பிரிண்ட் கழுவும் மருந்துக்கு மூன்று தட்டுகள், காற்றுப் போக்கி ஒன்று. பிலிம் கழுவி பிரிண்ட் போட்ட பழைய ஸ்டுடியோக்காரர்கள் இங்கேயே மூன்றாம் வரிசையில் இருக்கிறார்கள். பிரிண்ட் பெரிதாக்கும் கருவியைத் தரவும், சொல்லிக்கொடுக்கவும் தயாராக இருக்கிறார்கள். வெள்ளைத் தாளில் உருவம் மெல்ல எழுவதை நம் பிள்ளைகள் ஒருமுறையாவது கண்ணால் பார்க்க வேண்டாமா?

ஜென் தியானத்தை இன்னொரு மேடைக்கு வைத்துக்கொள்கிறேன். வாசலில் மனு வைத்திருக்கிறோம். எல்லோரும் கையெழுத்திட்டுச் செல்லுங்கள். அம்மையார் அவர்கள் அடுத்த மன்றக் கூட்டத்திலேயே இதை எடுத்துக்கொள்ள வேண்டும். நன்றி, வணக்கம்.