பழைய விண்டோஸில் பைதன் ஏறவில்லை என்றால்

நேயர்களுக்கு வணக்கம். உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் எடுத்த பிள்ளைகளுக்கு வீட்டில் ஒரு கணினியும் அதில் பைதன் என்ற நிரல்மொழியும் இருந்தால்தான் பயிற்சி எடுபடும். மல்லாவியிலும் ஒட்டுசுட்டானிலும் நெடுங்கேணியிலும் பல வீடுகளில் இருப்பது வெளிநாட்டு உறவுகள் அனுப்பிய பழைய மடிக்கணினி, அல்லது ஏதோ அலுவலகம் கழித்துவிட்ட மேசைக்கணினி. விண்டோஸ் 7 ஓடும், நினைவகம் 2 ஜிபி இருக்கும். பிள்ளை போனில் ஹொட்ஸ்பொட் போட்டு, பைதன் தளத்தின் முகப்பில் கண்ட பெரிய பொத்தானை அழுத்தி, கடைசிப் பதிப்பை இறக்குகிறது. இன்ஸ்டோல் ஆகாது. டேட்டாவும் முடிந்துவிடும். பிறகு கணினி பழுது என்று கடைக்குக் கொண்டு போகிறார்கள். பெரும்பாலும் அது பழுதே இல்லை. அந்த விண்டோஸுக்குப் பொருந்தாத பதிப்பைக் கொடுத்ததுதான் கோளாறு.

கொப்பியும் பேனையும் பக்கத்தில் இருக்கட்டும், சில இலக்கங்கள் வரும்.

முதலில் கணினி என்ன வகை என்று பாருங்கள். விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தினால் சின்னப் பெட்டியொன்று வரும். அதில் டபிள்யூ, ஐ, என், வி, ஈ, ஆர் என்ற ஆறு எழுத்துகளையும் இடைவெளி விடாமல் தட்டி எண்டர் கொடுங்கள். 7601, சேர்விஸ் பேக் 1 என்று வந்தால் நல்லது. 7600 என்று வந்தால் சேர்விஸ் பேக் போடப்படவில்லை. அதைப் போடாமல் இனி நான் சொல்லும் எதுவும் சரிவராது. அது பெரிய கோப்பு: 64 பிட்டுக்கு 900 எம்பி அளவும் 32 பிட்டுக்கு 540 எம்பி அளவும் வரும். ஆகவே வைஃபை உள்ள இடத்தில் ஒருமுறை இறக்கிப் பென்ட்ரைவில் வைத்துக்கொண்டால் ஊர் முழுக்கப் பயன்படும்.

அடுத்தது 32 பிட்டா 64 பிட்டா என்பது. விண்டோஸ் விசையோடு போஸ் விசையை அழுத்தினால் சிஸ்டம் டைப் என்ற வரியில் தெரியும். 64 பிட் மென்பொருள் 32 பிட் விண்டோஸில் ஏறாது, மறுவளமாக ஏறும். சந்தேகமென்றால் 32 பிட்டையே எடுங்கள், 2 ஜிபி கணினிக்கு அதுவே போதும்.

இனிப் பதிப்பு. விண்டோஸ் 7க்குப் பொருந்தும் கடைசிப் பைதன் 3.8 வரிசை. 3.9 முதல் விண்டோஸ் 8.1 அல்லது அதற்கு மேல் வேண்டும், 3.13 முதல் விண்டோஸ் 10 வேண்டும். 3.8 வரிசையிலும் ஒரு பொறி உண்டு. பட்டியலில் 3.8.20 வரை இருக்கும். பெரிய இலக்கம்தானே என்று அதை எடுத்தால் வெறும் மூலக்கோப்புப் பொதி ஒன்றுதான் வரும், இருமுறை கிளிக் செய்ய எதுவும் இருக்காது. விண்டோஸுக்கான இன்ஸ்டோலரோடு வெளிவந்த கடைசிப் பதிப்பு 3.8.10, 2021 மே மாதத்தது. எழுதிக்கொள்ளுங்கள்: மூன்று, எட்டு, பத்து. கோப்பு 30 எம்பிக்கும் குறைவு. அதே பக்கத்தில் எம்பெடபிள் என்று இன்னொன்று கிடக்கும், அதை எடுக்க வேண்டாம். அதில் நூலகங்களை ஏற்றும் பிப்பும் இல்லை, நிரல் எழுதும் சாளரமான ஐடிலும் இல்லை. இன்ஸ்டோலர் திறந்ததும் முதல் திரையின் அடியில் பைதனைப் பாத்தில், அதாவது விண்டோஸ் நிரல்களைத் தேடும் கோப்புறைப் பட்டியலில், சேர்க்கவா என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதில் சரி போடாமல் விட்டால் பிறகு கட்டளைச் சாளரம் பைதன் என்ற சொல்லையே தெரியாது என்று சொல்லும். சரி போட்ட பிறகும் அப்படி வந்தால், முன்பே திறந்து வைத்திருந்த சாளரத்தை மூடிப் புதிதாகத் திறவுங்கள். பழைய சாளரம் பழைய பாத்தைத்தான் வைத்திருக்கும்.

உயர்தரப் பாடத்துக்கு 3.8 தாராளம். பட்டியல், கோப்பு, செயற்கூறு, தரவுத்தள இணைப்பு எல்லாம் அதில் அப்படியே ஓடும். யூடியூபில் கண்ட உதாரணத்தில் மேட்ச், கேஸ் என்று இருந்தால் மட்டும் தொடரமைப்புப் பிழை வரும், அது 3.10இல் வந்த வசதி. இஃப், எலிஃப் போட்டு எழுதினால் முடிந்தது.

மற்றக் கருவிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். விண்டோஸ் 7இல் நிரல் எழுதும் விஷுவல் ஸ்டூடியோ கோட் 1.70 வரை, நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் 2.46.2 வரை, ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டும் நோட் ஜேஎஸ் 13 வரை ஓடும். சி மொழிக்குக் கோட்ப்ளொக்ஸ் 20.03 எடுப்பவர்கள் பெயரில் மிங்டபிள்யூ என்று உள்ள கோப்பை எடுக்க வேண்டும். அது இல்லாததை எடுத்தால் தொகுப்பி வராது, முதல் நிரலே நின்றுவிடும். 2 ஜிபி நினைவகத்தில் விஷுவல் ஸ்டூடியோ கோட் ஊர்ந்துதான் போகும். ஐடில் போதும். அல்லது தொன்னி என்ற, தொடக்கநிலையாளருக்கான நிரல் எழுதும் மென்பொருளில் பைதன் 3.8ஐ உள்ளேயே கொண்ட பதிப்பொன்று இருக்கிறது, அதை எடுங்கள்.

சரியான பதிப்பை எடுத்தும் இன்ஸ்டோல் நின்றால் விண்டோஸின் பக்கம் சில இணைப்புகள் குறைகின்றன என்று அர்த்தம். பைதன் 3.8 இன்ஸ்டோலர் 2533623 என்ற மேம்படுத்தல் இருக்கிறதா என்று பார்க்கும். அது தனியாகக் கிடைக்காவிட்டால் அதையும் உள்ளடக்கிய 3063858 போதும். 2019க்குப் பிறகு மைக்ரோசொஃப்ட் தன் கோப்புகளுக்கு ஷா-2 முறையில்தான் கையொப்பம் இடுகிறது. பழைய விண்டோஸ் 7க்கு அந்தக் கையொப்பம் விளங்காது. அதற்காக 4490628, அதன் பிறகு 4474419 என்ற இரண்டையும் இந்த வரிசையிலேயே போட வேண்டும். போட்டு ரீஸ்டார்ட் செய்துவிட்டு மற்றவற்றைப் போடுங்கள். எல்லாம் மைக்ரோசொஃப்ட் அப்டேட் கேட்டலொக் தளத்தில் இந்த இலக்கத்தைத் தட்டினாலே வரும்.

இங்கே எங்கள் பக்கத்துக்கே உரிய ஒரு சிக்கல். டேட்டா போகாமல் இருக்க விண்டோஸ் அப்டேட் சேவையை நிறுத்தி வைத்திருப்பார்கள். அப்படி நிறுத்தினால் பென்ட்ரைவில் கொண்டுவந்த மேம்படுத்தற் கோப்பும் ஏறாது, ஏனென்றால் அதை ஏற்றுவதும் அதே சேவைதான். 80070422 என்று முடியும் பிழை எண் வந்தால் காரணம் இதுதான். சேர்விசஸ் பட்டியலைத் திறந்து, விண்டோஸ் அப்டேட்டை மனுவல் என்று மாற்றி ஸ்டார்ட் செய்யுங்கள். இணையத்தைத் துண்டித்துவிட்டு வேலையை முடியுங்கள். பிறகு வேண்டுமானால் மறுபடி நிறுத்தலாம்.

இனி எல்லோரும் தடக்குப்படும் இடம்: டிஎல்எல் கோப்பு, அதாவது பல மென்பொருள்கள் பகிர்ந்து பயன்படுத்தும் நூலகக் கோப்பு, இல்லை என்ற அறிவிப்பு. ஏபிஐ, எம்எஸ், வின் என்று தொடங்கும் நீளமான பெயர் வரும். பார்வைக்கு ஒன்றுபோலத் தெரியும் இரண்டு பெயர்கள் உண்டு, நடுப்பகுதியை வாசிக்க வேண்டும். நடுவில் சிஆர்டி ரன்டைம் என்று இருந்தால் சி மொழியின் பொது ஓட்டநூலகம் குறைகிறது. 2999226 என்ற மேம்படுத்தலைப் போட்டால் தீரும். நடுவில் கோர் பாத் என்று இருந்தால் கதை வேறு. அதிலுள்ள வசதிகள் விண்டோஸ் 8இல்தான் வந்தவை. உங்கள் விண்டோஸில் அது தொலைந்துபோகவில்லை, ஒருநாளும் இருந்ததே இல்லை. அந்த அறிவிப்பு வந்தால், நீங்கள் எடுத்த மென்பொருள் 3.9 அல்லது அதற்குப் பிந்திய பைதனால் ஆனது என்று எடுத்துக்கொண்டு பழைய பதிப்பைத் தேடுங்கள். டிஎல்எல் கோப்புகளை இலவசமாகத் தரும் தளங்களில் இருந்து ஒன்றை இறக்கி சிஸ்டம் 32 கோப்புறையில் போடுவதை மட்டும் செய்யாதீர்கள். உள்ளே என்ன வருகிறது என்று யாருக்கும் தெரியாது. தீங்கு எதுவும் வராமல் இருந்தாலும் அடுத்த டிஎல்எல் இல்லை என்று அந்த மென்பொருள் கேட்கும்.

திகதியையும் பாருங்கள். பழைய மேசைக்கணினியில் தாய்ப்பலகையின் நாணயப் பற்றரி செத்திருந்தால், மின்சாரம் போய் வரும் ஒவ்வொரு தடவையும் திகதி பல வருடம் பின்னால் போய்விடும். அப்போது இணையத்தில் எந்தச் சான்றிதழும் செல்லாது. பிப், சான்றிதழ் சரிபார்ப்புத் தவறியது, இன்னும் நடைமுறைக்கு வரவில்லை என்று முறையிடும். பிள்ளை பைதனை அழித்து அழித்து மறுபடி போட்டுக்கொண்டிருக்கும். சிஆர் 2032 என்று கேட்டு, 3 வோல்ட் பற்றரி ஒன்று வாங்குங்கள். மின்செருகியைக் கழற்றிவிட்டு மாற்றி, கணினி தொடங்கும்போது திறக்கும் பயோஸ் அமைப்புத் திரையில் திகதியும் நேரமும் வைத்தால் சரி.

பயனர் பெயரைத் தமிழில் வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று. தமிழில் பெயர் வைப்பது நல்ல காரியம். ஆனால் விண்டோஸின் பழைய எழுத்துக் குறிப்பக்கங்களில் தமிழுக்கு இடமே இல்லை, யூனிகோடில் மட்டும்தான் இருக்கிறது. பழைய தொகுப்பிகளும் இன்ஸ்டோலர்களும் உங்கள் பயனர் கோப்புறையின் பெயரைக் கேள்விக்குறிகளாகத்தான் வாசிக்கும். தற்காலிகக் கோப்புறையும் அதற்குள்ளேதான் இருப்பதால் பாதியில் நின்றுவிடும். கணக்கின் பெயரைப் பிறகு மாற்றினாலும் கோப்புறையின் பெயர் மாறாது. நிரல் வேலைக்கென்று ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாத பெயரில் புதுக் கணக்கொன்று திறப்பதுதான் தலையிடி இல்லாத வழி.

மேலதிக நூலகங்களை இணையம் இல்லாமல் ஏற்றவும் வழி உண்டு. இணையம் உள்ள வேறொரு கணினியில் பிப் டவுன்லோட் என்று கொடுத்து, பிளாட்ஃபோர்ம் வின்32 என்றும் பைதன் வேர்ஷன் 38 என்றும் ஒன்லி பைனரி ஓல் என்றும் சேர்த்தால், பழைய கணினிக்குப் பொருந்தும் கோப்புகளையே அது இறக்கும். 64 பிட்டுக்கு வின்32க்குப் பதிலாக வின், அடிக்கோடு, ஏஎம்டி64. அவற்றைக் கொண்டுவந்து, நோ இன்டெக்ஸ், ஃபைன்ட் லிங்க்ஸ் என்ற இரண்டு சேர்க்கைகளோடு பிப் இன்ஸ்டோல் கொடுங்கள். ஒன்லி பைனரியை விட்டுவிட்டால் பிப் இறக்காமலே பிழை காட்டும். வேறு வழியில் மூலக்கோப்பு வந்து சேர்ந்தால் விஷுவல் சி++ 14 வேண்டும் என்ற செய்தியோடு நிற்கலாம், அதற்காகப் பல ஜிபி இறக்கப் போகாதீர்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் நின்றால் டெம்ப் எனப்படும் தற்காலிகக் கோப்புறையைத் திறந்து, பைதன் என்று தொடங்கும் லொக் கோப்பை, அதாவது இன்ஸ்டோலர் எழுதி வைத்த பதிவுக் கோப்பை, பாருங்கள். கடைசியில் இருந்து மேலே வாசித்து, எரர் என்று முதலில் கண்ணில் படும் வரியை அப்படியே எழுதி உங்கள் ஆசிரியரிடம் கொடுங்கள். வேலை செய்யவில்லை என்று மட்டும் சொன்னால் அவரும் ஊகிக்கத்தான் வேண்டும்.

விண்டோஸ் 7க்கான பொது ஆதரவு 2020 ஜனவரி 14இல் நின்றது, பைதன் 3.8க்கான திருத்தங்களும் 2024 அக்டோபரோடு நின்றுவிட்டன. அந்தக் கணினியில் பயிற்சி செய்யலாம், வங்கிக் கணக்கைத் திறக்க வேண்டாம். விண்டோஸை விட்டுவிடத் தயாரானவர்கள் டெபியன் 12 என்ற இலவச லினக்ஸ் இயங்குதளத்தை எடுக்கலாம். அதில் பைதன் 3.11 கூடவே வரும். 32 பிட் கணினியென்றால் 12தான் வேண்டும், 13இல் அதற்கான இன்ஸ்டோலர் இல்லை. பழைய வன்தட்டில் உள்ள படங்களையும் ஆவணங்களையும் வேறிடத்தில் பிரதி எடுத்த பிறகே தொடங்குங்கள், இன்ஸ்டோலர் தட்டை முழுதாக அழிக்கவா என்று கேட்கும்.