பன்றித் தொடைக்கு எந்தத் தேன் பூசுவது? முழங்காவில் தங்கச்சிக்கு ஒரு பதில்

சரி, அடுத்த கேள்வி. இதை மூன்று நாளாக மனதுக்குள் வைத்துக்கொண்டு திரிகிறேன். முழங்காவிலில் இருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறார். "அண்ணா, போன நத்தாருக்கு 5 கிலோ பன்றித் தொடை வாங்கி, காட்டுத் தேன் பூசி ஓவனில் வைத்தேன். வெளியே கருகிவிட்டது. உள்ளே சாம்பல் நிறத்தில், சப்பென்று இருந்தது. கடை ஹாம் மாதிரி இளஞ்சிவப்பாக வரவே இல்லை. இந்த முறை எந்தத் தேன் வாங்கலாம்?"

தேனில் பிழை இல்லை, தங்கச்சி.

முதலில் நிறத்தைச் சொல்லி முடிக்கிறேன். கடையில் விற்கிற ஹாமும் பன்றியின் பின்னந்தொடைதான். ஆனால் அதை நைத்திரைற்று என்ற இரசாயனம் சேர்த்த உப்பில் பதப்படுத்துகிறார்கள். அந்த நைத்திரைற்றுதான் இறைச்சியின் நிறத்தைப் பிடித்து வைக்கிறது, அதனால் வெந்த பிறகும் இளஞ்சிவப்பாக இருக்கும். நீங்கள் வாங்கியது பச்சைத் தொடை. அது வெந்தால் வெள்ளையும் சாம்பலுமாகத்தான் வரும். அது பிழையில்லை, அதுதான் அதன் நிறம். நிறத்துக்காக, இறைச்சி பதப்படுத்தப் பயன்படும் வெடியுப்பை எங்காவது வாங்கிக் கை அளவில் போட்டுவிடாதீர்கள். அளவு தப்பினால் நஞ்சு.

இனிக் கருகின கதை. எனக்கும் நடந்தது. மீளக்குடியேறி வந்த புதிதில், மாமி வீட்டில், முதல் நத்தார். நான் வெதுப்பகத்தில் வேலை செய்தவன் என்று பழைய ஆட்களுக்குத் தெரியும், புதிதாகப் பார்க்கிறவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். கிளிநொச்சிப் பக்கம் பேக்கரிப் பெயர்ப்பலகையில் வெதுப்பகம் என்றுதான் எழுதியிருக்கும். அந்தப் பெருமையில், தொடை முழுக்கப் பனங்கட்டிப் பாகை முதலிலேயே பூசித் தள்ளிவிட்டேன். ஒரு மணித்தியாலத்தில் கரிக்கட்டை. உள்ளே எலும்போரம் பச்சை. மாமி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கத்தியை எடுத்தார், கருகினதை எல்லாம் சீவி எறிந்தார், மிச்சத்தைத் துண்டு துண்டாக வெட்டி உறைப்பாகக் கறி வைத்துவிட்டார். எல்லோரும் நல்லாச் சாப்பிட்டார்கள். எனக்குத்தான் இறங்கவில்லை.

இனிப்பு கடைசியில் போக வேண்டும். பாணுக்கு முட்டை பூசுவதைப் பற்றிச் சொன்ன அன்றும் இதைத்தான் சொன்னேன், அப்பத்துக்கும் சொன்னேன், இன்றைக்கும் அதுதான். தேனில் அதிகம் இருப்பது பழச்சீனி. அது 110 பாகை செல்சியசிலேயே நிறம் மாறத் தொடங்கிவிடும். சாதாரண சீனி 160 வரை தாங்கும். ஓவன் 160 பாகையில் 5 கிலோத் தொடைக்கு நாலு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டும், கிலோவுக்கு 50 நிமிடம் அளவில் வையுங்கள். நாலு மணித்தியாலம் தேன் அந்தச் சூட்டில் நின்றால் என்ன ஆகும்? ஆகவே கடைசி அரை மணித்தியாலம் மட்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கதவைத் திறந்து ஒரு பூச்சு, மொத்தம் மூன்று பூச்சு.

பூசுவதற்கு முன்பு தோலை எடுத்துவிடுங்கள். தோலில் பாகு நிற்காது, வழிந்து தட்டில் போய் எரியும். கொழுப்பில் அரை சென்ரிமீற்றர் விட்டு, கட்டம் கட்டமாகக் கீறுங்கள், கத்தி இறைச்சியைத் தொடக்கூடாது. கீறல் சந்திக்கிற இடத்தில் ஒவ்வொரு கராம்பு. எடுத்த தோலை உப்புப் பிரட்டித் தனியாகப் பொரிய விடுங்கள், அதற்குத்தான் பிள்ளைகள் சண்டை பிடிப்பார்கள்.

பாகுக்குத் தேனே வேண்டாம் என்பேன். நல்ல காட்டுத் தேனைப் பிள்ளைகளுக்குப் பாணில் பூசிக் கொடுங்கள். 200 கிராம் பனங்கட்டி, அரைக் கோப்பை தோடம்பழச் சாறு, இரண்டு மேசைக்கரண்டி வினாகிரி, அரைத்த கடுகு ஒரு தேக்கரண்டி, கொஞ்சம் மிளகு. பனங்கட்டியைக் கரைத்ததும் துணியில் வடியுங்கள், பனங்கட்டி அடைத்து வருகிற ஓலைக் குட்டானுக்குள் தும்பும் மண்ணும் இருக்கும், பல்லில் கடிபடும். பிறகு கரண்டியின் பின்பக்கத்தில் ஒட்டி நிற்கும் வரை காய்ச்சுங்கள். ஒன்று: பனங்கட்டி முதலே கறுப்பு, ஆனபடியால் கண்ணை நம்பாதீர்கள், மூக்கை நம்புங்கள். கசப்பு மணம் வந்தால் உடனே வெளியே எடுங்கள்.

வெந்துவிட்டதா என்று பார்க்க ஒரு தேர்மோமீற்றர் வாங்குங்கள். எலும்பில் முட்டாமல், தடித்த இடத்தில் குத்திப் பாருங்கள். பண்ணைப் பன்றிக்கு 63 பாகை வந்து, வெளியே எடுத்து மூன்று நிமிடமாவது வைத்தால் போதும். நான் 68 வரை விடுவேன். எங்கள் ஆட்களுக்குச் சாறு சிவப்பாக வந்தால் கோப்பையைத் தள்ளிவைத்துவிடுவார்கள். காட்டுப்பன்றி என்றால் கதை வேறு, 71க்குக் குறையவே கூடாது. அதில் புழு இருக்கலாம், ஃபிரிட்ஜில் உறைய வைத்தாலும் சாகும் என்று நம்ப முடியாது.

இவ்வளவும் நீங்கள் கேட்டதற்கு. நீங்கள் கேட்டிருக்க வேண்டியது, ஏன் சப்பென்று இருந்தது என்பது.

உப்பு. பூச்சு வெளிச்சட்டை மாதிரி, ஒரு விரல் ஆழம்கூட இறங்காது. உள்ளே ருசி இருக்க வேண்டும் என்றால், அடுப்பில் வைப்பதற்கு இரண்டு இரவுக்கு முன்பே உப்புப் போட வேண்டும். கிலோவுக்கு 15 கிராம், 5 கிலோவுக்கு 75 கிராம். கரண்டிக் கணக்கு வேண்டாம், தராசில் நிறுங்கள். ஆனையிறவுக் கல்லுப்பு ஒரு கரண்டியும் தூள் உப்பு ஒரு கரண்டியும் ஒரே நிறை இல்லை. மிளகும் உள்ளியும் சேர்த்து நல்லாத் தேய்த்து, எலும்போரம் கத்தியால் குத்தி அதற்குள்ளும் கொஞ்சம் திணித்து, ஃபிரிட்ஜில் மூடாமல் வையுங்கள். மார்கழி மழைக் குளிரை நம்பித் திண்ணையில் வைத்துவிடாதீர்கள்.

ஓவன் இல்லாதவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. நாங்கள் வெதுப்பகத்தில் நத்தார் முதல்நாள் கடைசிப் பாண் இறங்கினதும் போறணையின், அதாவது பாண் சுடுகிற செங்கல் அடுப்பின், தளத்தில் ஒரு பிடி மா எறிவோம். உடனே கருகினால் சூடு கூட. மெல்ல மெல்லப் பொன்னிறம் வந்தால் தொடைக்குச் சரியான சூடு. அக்கம்பக்கத்தார் தட்டில் பெயர் எழுதின துண்டு ஒட்டி, மாலையில் கொண்டுவந்து தருவார்கள். செங்கல் சூடு மெல்ல இறங்க இறங்க இறைச்சி தானாக வேகும். நடுச்சாமப் பூசை முடிந்து வருகிறபோது பாகுச் சட்டியைக் கையோடு கொண்டுவந்து, போறணை வாசலிலேயே பூசி, திரும்ப உள்ளே தள்ளுவார்கள். ஒரு முறை இரண்டு தட்டின் துண்டுகள் எண்ணெயில் ஊறிப் பெயர் அழிந்துவிட்டன. எது யாருடையது என்று, கராம்பு எண்ணித்தான் பிரித்துக் கொடுத்தோம்.

வெட்டுவதற்கு முன் அரை மணித்தியாலம் ஆற விடுங்கள். எலும்பை எறியாதீர்கள், மறுநாள் பருப்போடு போடலாம்.

75 கிராம், இரண்டு இரவு. எழுதிக்கொண்டீர்களா தங்கச்சி? சரி, மாங்குளத்தில் இருந்து ஒரு அம்மா கோழி பற்றிக் கேட்டிருக்கிறார், அதற்கு வருவோம்.