மண்ணுக்குள் ஈரம், காற்றில் ஈரம்

எல்லோருக்கும் வணக்கம். ஒயின் என்றதும் திராட்சையைப் பற்றிப் பேசுவேன் என்று நினைத்து வந்திருப்பீர்கள். நான் ஈரத்தைப் பற்றிப் பேசப்போகிறேன்.

ஸ்பெயினின் தென்மேற்கில், அட்லாண்டிக் கரையை ஒட்டி ஹெரெஸ், சான்லூக்கார், எல் புவெர்த்தோ என்று மூன்று ஊர்கள். ஷெர்ரி என்ற ஒயினின் தாய்வீடு இதுதான்; ஹெரெஸ் என்ற பெயர்தான் ஆங்கிலேயர் வாயில் ஷெர்ரி ஆனது. அங்கே முக்கியமான திராட்சை பலோமினோ. அதில் புளிப்பும் குறைவு, மணமும் குறைவு. இந்தச் சாதுவான பழத்திலிருந்து இவ்வளவு அழுத்தமான ஒயின் எப்படி வருகிறது என்பதுதான் என்னை வருடக்கணக்காகப் பிடித்து வைத்திருக்கும் கேள்வி.

முதலில் மண். அல்பரிசா என்பார்கள். வெள்ளை வெளேரென்று, கோடை வெயிலில் கண் கூசும். ஒரு காலத்தில் அது கடலடி. நுண்ணிய கடல் உயிர்களின் ஓடுகளும் சுண்ணாம்பும் களிமண்ணும் படிந்து படிந்து உண்டானது. அங்கே வருடத்துக்குச் சுமார் 600 மில்லிமீட்டர் மழை, ஆனால் கோடையில் மாதக்கணக்கில் ஒரு சொட்டு விழாது. குளிர்கால மழையை இந்த மண் பஞ்சு மாதிரி குடித்துவிடுகிறது, அப்புறம் வெயில் ஏற ஏற மேல்பரப்பு காய்ந்து ஓடு போல மூடிக்கொள்வதால் உள்ளே இருக்கும் ஈரம் சீக்கிரம் ஆவியாவதில்லை, ஆழத்துக்கு இறங்கிய வேர் அதைக் குடித்தே கோடையைக் கடக்கிறது. அறுவடை முடிந்ததும் கொடி வரிசைகளுக்கு நடுவே பாத்தி கட்டுகிறார்கள், சரிவில் விழும் மழை ஓடிவிடக் கூடாது என்று.

சுண்ணாம்பு மண்ணில் விளைந்ததால் ஒயினில் சுண்ணாம்பு ருசிக்கிறது என்று சிலர் சொல்வார்கள். நான் அதை ஏற்கவில்லை. வேர் மண்ணின் ருசியை உறிஞ்சி மேலே அனுப்புவதில்லை. தண்ணீரை எப்போது, எவ்வளவு கொடுக்கிறது என்பதில்தான் இந்த மண்ணின் பெருமை இருக்கிறது.

சரி, கடலுக்கு வருவோம். நமக்குக் கிழக்கிலிருந்து வரும் கொண்டல் மழையைக் கொண்டுவரும், மேற்கிலிருந்து வரும் கோடைக்காற்று சுடும். ஹெரெஸில் அப்படியே தலைகீழ். மேற்கே அட்லாண்டிக்கிலிருந்து வரும் பொனியெந்தே குளுமையும் ஈரமுமாக இருக்கும், கிழக்கிலிருந்து அடிக்கும் லெவாந்தே சூடாக, வறண்டு வரும். ஒயின் கூடங்களையே இந்தக் காற்றை நினைத்துத்தான் கட்டியிருக்கிறார்கள்: கோயில் மண்டபம் போல உயரமான கூரை, தடித்த சுவர், கடல்காற்று உள்ளே வர மேலே ஜன்னல்கள்.

இவ்வளவு பாடும் ஃப்ளோருக்காக. 15 சதவீத ஆல்கஹாலுக்கு ஏற்றிய ஒயினை, 600 லிட்டர் பிடிக்கும் மரப்பீப்பாயில் மேலே கொஞ்சம் காலியிடம் விட்டு ஊற்றி வைக்கிறார்கள். அந்த இடத்தில், ஒயினின் மேல், ஈஸ்ட் ஒரு வெள்ளை ஆடையாகப் படர்கிறது, அதுதான் ஃப்ளோர். நம் வீட்டில் ஆறிய பாலில் ஏடு கட்டுமே, பார்க்க அந்த மாதிரி, ஆனால் இதற்கு உயிர் உண்டு. ஒயினைக் காற்று படாமல் காக்கிறது, கிளிசரினைத் தின்றுவிடுகிறது. அதனால்தான் நாக்கில் கொழகொழப்பே இல்லாமல், வறட்டென்று, பாதாமும் ரொட்டி மாவும் கலந்த வாசத்தோடு இருக்கிறது. ஆல்கஹாலை 17 சதவீதத்துக்கு மேல் ஏற்றினால் ஃப்ளோர் வாழாது, ஒயின் காற்றோடு கலந்து கருத்து, ஒலொரோசோ என்ற வேறு ஒயினாகிவிடும்.

ஃப்ளோருக்கு ஈரமும் மிதமான குளுமையும் வேண்டும். கடலிலிருந்து சற்று உள்ளே தள்ளியிருக்கும் ஹெரெஸில் கடும் வெயிலிலும் கடும் குளிரிலும் ஆடை மெலிகிறது. குவாதல்கிவிர் ஆறு கடலில் கலக்கும் இடத்திலுள்ள சான்லூக்காரில் வருடம் முழுக்கத் தடிப்பாக நிற்கிறது. அதே திராட்சை, அதே மண், அதே முறை. ஆனால் ஹெரெஸில் முதிர்ந்தால் ஃபீனோ, சான்லூக்காரில் முதிர்ந்தால் மன்சனீயா. பின்னது மெலிதாக, கடல்காற்று பட்ட உதடு போல லேசான கரிப்போடு இருக்கும். இரண்டு ஊருக்கும் நடுவே சுமார் 20 கிலோமீட்டர்தான்.

லெவாந்தே அடிக்கும் நாட்களில் கூடங்களில் புல் தட்டிகளை ஜன்னல்களில் இறக்கிவிட்டு, பீப்பாய்களுக்கு நடுவே மண் தரையில், வாசல் தெளிப்பது போலத் தண்ணீர் தெளிக்கிறார்கள், மறுபடி மேற்கிலிருந்து காற்று திரும்பும்வரை.